மாருதி 1000-ல் எஸ்டீம் இன்ஜின்: எந்த இன்ஜெக்‌ஷன் செட் வைக்கலாம்?

மாருதி 1000 அழகான வண்டி. அதற்கு வாய்த்த 970 சிசி கார்ப்பரேட்டர் இன்ஜின்தான் பத்தாது. 1994-ல் கிட்டத்தட்ட அதே பாடியில் 1.3 லிட்டர் இன்ஜினை வைத்துத்தான் எஸ்டீம் வந்தது. அதனால் 1000-க்குள் எஸ்டீம் இன்ஜினை இறக்குவதில் மவுண்டிங், கியர்பாக்ஸ் வேலையெல்லாம் பட்டறைக்காரர்களைப் பெரிதாகச் சோதிக்காது. பொள்ளாச்சியில் என் வண்டிக்கு அதைத்தான் செய்தேன். பின்னால் வந்த 16 வால்வு எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும்) இன்ஜின், 1298 சிசி, 85 குதிரைத்திறன். பல வருஷமாக ஓட்டுகிறேன். இன்ஜின் தங்கம். அதற்குப் பெட்ரோல் கொடுக்கும் ஏற்பாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

என்னிடம் மூன்று வழிகள் இருந்தன. இன்ஜெக்‌ஷனைக் கழற்றிவிட்டு கார்ப்பரேட்டர் போடுவது ஒன்று. எஸ்டீமின் கம்பெனி ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ஒயரிங், சென்சார் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வைப்பது இன்னொன்று. ஸ்பீடுயினோ, மெகாஸ்குவர்ட் மாதிரி நாமே டியூன் செய்யும் தனி ஈசியு (அதே வேலை செய்யும் கம்ப்யூட்டர்) வைப்பது மூன்றாவது. முதல் வழியை நான் யோசிக்கவே இல்லை. நல்ல இன்ஜெக்‌ஷன் இன்ஜினை வாங்கி அதில் கார்ப்பரேட்டரை உட்கார வைப்பது அந்த இன்ஜினுக்குச் செய்கிற அநியாயம். நான் கம்பெனி செட்டை எடுத்தேன். திருப்பூரில் இருக்கும் என் மச்சான் அதே இன்ஜினுக்கு ஸ்பீடுயினோ வைத்தான். இரண்டு வண்டியையும் ஒன்றாக மலையேற்றி இறக்கிப் பார்த்ததால் ஒப்பிட்டு எழுத முடிகிறது.

கம்பெனி செட் எடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஒயரிங். பழைய வண்டி பிரிக்கும் இடங்களில் இன்ஜினைச் சீக்கிரம் வெளியே எடுக்க ஒயரைக் கட்டராலேயே வெட்டிவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு ஒயராக முறுக்கி டேப் சுற்றினால் ஆயுசுக்கும் டேஷ்போர்டில் இன்ஜின் கோளாறு காட்டும் செக் லைட்தான். "ஒயர வெட்டாம கப்ளரோட கழட்டிக் குடுங்ணா, கூட என்ன ஆகுதோ தந்தர்றேன்" என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, பக்கத்திலேயே நின்று கழற்ற வைத்தேன். ஈசிஎம், ரிலே பெட்டி, ஆக்ஸிஜன் சென்சார், ஆக்சிலரேட்டர் கேபிள் வரைக்கும் ஒரே வண்டியிலிருந்து வந்தது. சாவியில் சிப் உள்ள வண்டி என்றால் சாவி, அந்தச் சிப்பைச் சரிபார்க்கும் இம்மொபிலைசர் பெட்டி, ஈசிஎம் மூன்றும் ஒரே ஜோடியாக வர வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. கியர்பாக்ஸில் இருக்கும் ஸ்பீடு சென்சாரையும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமலும் வண்டி ஓடும், ஆனால் சிக்னலில் வேகம் குறைந்து நிற்கும்போது ஐட்லிங் தடுமாறும்.

அடுத்தது எர்த். பழைய பாடியில் பெயின்ட்டும் துருவும் இருக்கும் இடத்தில் எர்த் கொடுத்தால் சென்சார்கள் தப்பான அளவைக் காட்டும். இன்ஜின் பிளாக்கிலிருந்து பேட்டரிக்கும் பாடிக்கும் தடித்த ஒயர் போட்டு, முனைகளைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த பிறகே போல்ட்டை இறுக்கினோம். அந்த ஒரு நாள் வேலை இன்றுவரை காப்பாற்றுகிறது.

பெட்ரோல் லைனில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். கார்ப்பரேட்டர் வண்டியின் மெக்கானிக்கல் பம்ப் கால் பார் அளவுக்குத்தான் தள்ளும். இன்ஜெக்டருக்கு 3 பார் அளவில் வேண்டும். பழைய ஹோஸ், பழைய கிளிப் அதைத் தாங்காது. சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் பீய்ச்சினால் வண்டியே எரிந்துபோகும். இன்ஜெக்‌ஷன் ஹோஸ்தான் போட வேண்டும், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப ரிட்டர்ன் லைனும் வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: பம்புக்கு சாவியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்காதீர்கள். ஈசிஎம் கட்டுப்படுத்தும் ரிலே வழியாகக் கொடுத்தால் இன்ஜின் நின்றதும் பம்பும் நின்றுவிடும். நேராகக் கொடுத்திருந்தால், விபத்தில் லைன் அறுந்தாலும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

நான் எஸ்டீம் எம்பிஎஃப்ஐ டேங்கையே மாட்டினேன், பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும். மச்சான் பழைய டேங்கை வைத்துக்கொண்டு வெளியே ஒரு பம்ப் வைத்தான். ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அதன் வித்தியாசம் தெரிந்தது. கால் டேங்க் பெட்ரோலோடு ஒரு வளைவில் திரும்பியபோது அவன் வண்டியில் நான் உட்கார்ந்திருந்தேன். பெட்ரோல் டேங்கின் ஒரு பக்கம் ஒதுங்கியது, பின்னால் பம்பின் சத்தம் கீச்சென்று மாறியது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டும் லாம்டா மீட்டர் டேஷ்போர்டில் 13-லிருந்து 18-க்குத் தாவியது, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கித் தொங்கிவிட்டது. ஏற்றத்தில் பஸ் பின்னால் வரும்போது அப்படி ஆவது விளையாட்டில்லை. பிறகு கோயம்புத்தூரில் அலுமினியத்தில் சின்னதாக ஒரு சர்ஜ் டேங்க் (பம்புக்கு எப்போதும் பெட்ரோல் இருக்கும்படி வைக்கும் துணை டேங்க்) வெல்டிங் செய்து வைத்தான். அதிலிருந்து அந்தப் பிரச்சினை இல்லை.

ஸ்பீடுயினோவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. மச்சான் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டை மாற்றியிருக்கிறான். செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டும் ஆசை அவனுக்கு. அந்த கேமோடு ஐட்லிங்கில் இன்ஜின் காற்றை இழுக்கும் வேக்கம் நிலையாக நிற்காது, கம்பெனி ஈசிஎம் குழம்பிவிடும். அவனுக்குத் தனி ஈசியு தேவைதான். த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் தட்டு) எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வைத்துப் பெட்ரோல் கணக்கிடும்படி அமைத்திருக்கிறான். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெளிக்காற்றின் அழுத்தத்தை அந்த ஈசியு சாவி போடும்போது ஒரு தடவைதான் படித்துக்கொள்ளும். மேட்டுப்பாளையத்தில் கிளம்பி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்குப் போனால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஈசியு கீழே படித்த அளவையே நம்பி அதிகப் பெட்ரோலை ஊற்றும், சைலன்சரில் கரி படியும். குன்னூரில் டீக்கு நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்ததும் அவன் வண்டி பளிச்சென்று ஓடியது. காரணம் இதுதான். வெளிக்காற்றை மட்டும் அளக்க இன்னொரு சென்சார் வைத்தால் தீர்ந்தது.

தனி ஈசியுவில் பொறுமையைச் சோதிப்பது குளிர்ந்த இன்ஜினின் ஸ்டார்ட்டிங். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறினால்தான் அதைச் சரிபார்க்க முடியும். காலையில் ஒரு தடவை முயன்றால் அடுத்த முயற்சி மறுநாள்தான். மார்கழிக் குளிரில் சரி செய்ததைச் சித்திரை வெயிலில் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த வெயிலில் காற்று வெப்ப சென்சார் இன்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு, உள்ளே வரும் காற்று ரொம்பச் சூடு என்று பொய் சொல்லும். ஈசியு பெட்ரோலைக் குறைத்துவிடும், நின்ற வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கும். சென்சாரை ஏர் ஃபில்டர் குழாய்க்கு மாற்றினால் சரியாகும். லேப்டாப்போடு உட்கார்ந்து இதையெல்லாம் ரசித்துச் செய்பவர்களுக்கு அது பெரிய சந்தோஷம். என் மச்சானின் முகத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் அவனுக்கு ஒரு வசதி. தூய பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு. 20 சதவீதம் கலந்தால் 13.5 அளவுக்கு வரும். அதாவது அதே காற்றுக்குச் சுமார் 8 சதவீதம் அதிகப் பெட்ரோல். அவன் ஈசியுவின் பெட்ரோல் அளவு டேபிளில் அதைக் கூட்டிக்கொண்டான். என் கம்பெனி ஈசிஎம் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துத் தானாகவே சரிசெய்துகொள்கிறது. மைலேஜ் கொஞ்சம் குறைந்தது, மிஸ்ஸிங் இல்லை. பழைய ரப்பர் ஹோஸ்கள், ஓரிங்குகள் எல்லாவற்றையும் மட்டும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டேன்.

தினமும் ஓட்டி, வீட்டாரைக் கூட்டிக்கொண்டு மலையேறும் வண்டி என்றால் கம்பெனி செட்டையே வையுங்கள். இன்ஜின் உள்ளே எதையும் மாற்றாதபோது தனி ஈசியு கூடுதலாகத் தரும் சக்தி மிகக் கொஞ்சம். அதைவிட, உடுமலையிலோ தாராபுரத்திலோ வழியில் நின்றுவிட்டால், எம்பிஎஃப்ஐ பார்க்கத் தெரிந்த மெக்கானிக் எவரும் கம்பெனி செட்டில் கை வைப்பார். மச்சான் வண்டி நின்றால் மச்சானே வர வேண்டும். கேம், பிஸ்டன், த்ராட்டில் மாற்றப் போகிறீர்கள் என்றால் தனி ஈசியு எடுங்கள், கூடவே காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் லாம்டா சென்சாருக்கும் காசு ஒதுக்குங்கள். அது இல்லாமல் டியூன் செய்தால் பிஸ்டன் உருகும்.

இன்ஜின் வாங்கும்முன் ஆர்டிஓ ஆபீஸில் பேசிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி முன் அனுமதி வாங்கி, புது இன்ஜின் நம்பரை ஆர்சியில் ஏற்ற வேண்டும். நம்பர் தெளிவாக எழுதிய பில் இல்லாத இன்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆர்சியில் ஏறியதும் இன்சூரன்ஸிலும் மாற்றச் சொல்லுங்கள்.