எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா: வினாடி வினாவில் யார் கெட்டி?

வினாடி வினாவில் பால்டிக் நாடுகள் வந்தாலே பலருக்கும் தலைநகரங்கள் இடம் மாறிவிடும். தமிழ் அகரவரிசை தெரிந்தவருக்கு அந்தக் கவலை வேண்டாம். எ, லா, லி என்று வடக்கிலிருந்து தெற்காக நாடுகள். த, ர, வ என்று அதே வரிசையில் தாலின், ரிகா, வில்னியஸ். தற்செயல்தான், ஆனால் கைகொடுக்கும்.

மூன்றும் 2004-இல் ஒன்றாக ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் சேர்ந்தவை. அதனால் ஒரே அச்சில் வார்த்தவை என்று நினைத்துவிடுகிறோம். மொழியைக் கேட்டாலே அந்த எண்ணம் கலைந்துவிடும். லாட்விய, லிதுவேனிய மொழிகள் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பால்டிக் கிளையில் இன்று உயிரோடு இருக்கும் இரண்டே மொழிகள். எஸ்டோனிய மொழியோ ஃபின்லாந்து மொழிக்கு நெருங்கிய உறவு. இரு நாட்டுத் தேசிய கீதங்களுக்கும் மெட்டுகூட ஒன்றுதான்.

எஸ்டோனியா மீதான கேள்விகள் பெரும்பாலும் கணினியைச் சுற்றியே வரும். நாடு முழுவதற்குமான தேர்தலில் இணையவழி வாக்களிப்பை 2005-இல் உலகிலேயே முதலில் கொண்டுவந்தது, 2014-இல் வெளிநாட்டவருக்கு மின்-வதிவிடத் திட்டம் (e-Residency) தொடங்கியது என எல்லாம் மனப்பாட விடைகள். ஸ்கைப்பை மட்டும் கவனமாகக் கேட்க வேண்டும். நிறுவனர்கள் ஸ்வீடனையும் டென்மார்க்கையும் சேர்ந்தவர்கள். மென்பொருளை எழுதியவர்கள் எஸ்டோனியர்கள்.

வரலாறு என்று வந்தால் மற்ற இரண்டும் லிதுவேனியாவின் பக்கத்தில் நிற்க முடியாது. அவை இரண்டும் நூற்றாண்டுக் கணக்கில் ஜெர்மானியப் பிரபுக்களின் பிடியில் கிடந்தன. லிதுவேனியாவில் 1253-இலேயே மிண்டாகஸ் மன்னராக முடிசூடினார். பதினைந்தாம் நூற்றாண்டில் அதன் ஆட்சி பால்டிக் கடல் பக்கமிருந்து கருங்கடல் வரை பரந்தது. ஐரோப்பாவில் கடைசியாகக் கிறித்தவத்தை ஏற்ற நாடும் இதுதான், 1387-இல். அப்படித் தாமதமாக வந்தும் கத்தோலிக்கத்தை இறுகப் பற்றிக்கொண்டது. எஸ்டோனியாவிலும் லாட்வியாவின் பெரும்பகுதியிலும் வேரூன்றியது புராட்டஸ்டன்ட் பிரிவான லூத்தரன் மரபு. சோவியத் குடியரசுகளில் முதலில் விடுதலையை அறிவித்ததும், 1990 மார்ச் 11 அன்று, லிதுவேனியாவே. பொறிக் கேள்வி வேண்டுமா? இரு உலகப் போர்களுக்கு இடையே அதன் தலைநகரம் எது என்று கேளுங்கள். வில்னியஸ் அப்போது போலந்திடம் இருந்தது. தற்காலிகத் தலைநகராக இயங்கியது கௌனாஸ். விளையாட்டில் கூடைப்பந்து: 1992, 1996, 2000 ஒலிம்பிக்குகளில் வெண்கலம்.

நடுவில் இருக்கும் லாட்வியாவைத்தான் கேள்வி தயாரிப்பவர்கள் அநியாயமாக மறந்துவிடுகிறார்கள். ஐரோப்பாவின் மிக அகலமான அருவி எங்கே என்றால் நார்வே, ஐஸ்லாந்து என்று பதில்கள் பறக்கும். விடை லாட்வியாவின் குல்டிகா ஊர். அகலம் சுமார் 250 மீட்டர், உயரம் இரண்டு மீட்டர் அளவே! குற்றாலத்தைப் பார்த்தவர்கள் இதை அருவி என்று ஒப்புவார்களா என்பது வேறு விஷயம். மலையிலும் இதே குள்ளம்தான். மூன்று நாடுகளிலும் மிக உயரமான இடம் எஸ்டோனியாவின் சூர் முனமாகி, 318 மீட்டர். நம் பரங்கிமலையைவிட உயரம் என்று வேண்டுமானால் பெருமைப்படலாம்.

லாட்வியாவும் எஸ்டோனியாவும் சரிக்குச் சரியாக மோதுவது சதுரங்கத்தில். ரிகாவில் பிறந்த மிகயில் தால் 1960-இல் அப்போதைய சாம்பியன் போட்வின்னிக்கை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். சென்னையில் விஸ்வநாதன் ஆனந்த் சிறுவயதில் ஆடப் பழகிய தால் சதுரங்க மன்றம் அவர் பெயரில் அமைந்ததே. எஸ்டோனியாவின் பால் கெரஸ் அந்தப் பட்டத்தை எட்டவே இல்லை. ஆனால் யூரோ வருவதற்கு முன் எஸ்டோனியாவின் ஐந்து குரூன் தாளில் இருந்தது அவர் முகம். உலகச் சாம்பியனுடன் மோதப்போவது யார் என்று தீர்மானிக்கும் 1959 கேண்டிடேட்ஸ் போட்டியில் தால் முதலிடம், கெரஸ் இரண்டாமிடம். அவர்கள் நேருக்கு நேர் ஆடிய நான்கு ஆட்டங்களில் மூன்றை வென்றவர் கெரஸ்.