வால்தர் எல்பி 53: ஒரு பழைய காற்றுக் கைத்துப்பாக்கியின் வயதும் விலையும்

ஜெர்மனியில் டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள உல்ம் நகரத்தில் வால்தர் நிறுவனம் 1950-களின் தொடக்கம் முதல் 1980-களின் தொடக்கம் வரை தயாரித்த எல்பி 53 என்னும் காற்றுக் கைத்துப்பாக்கியைச் சென்ற ஆண்டு அந்நாட்டுப் பழம்பொருள் கடை ஒன்றில் வாங்கினேன். விலைச்சீட்டில் '1955, அசல் நிலை' என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு சொற்றொடர்களுமே தவறு என்று பின்னர் தெரிந்தது. அதற்காகப் பொருளை நான் வெறுக்கவில்லை என்பதையும், இந்த மதிப்புரை கடையைப் பற்றியதன்று, துப்பாக்கியைப் பற்றியது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். 'எல்பி' என்பது காற்றுக் கைத்துப்பாக்கி என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம். 4.5 மில்லிமீட்டர் அளவுள்ள ஈயக் குண்டை ஒரு நேரத்தில் ஒன்றாக வைத்துச் சுட வேண்டும். குழலை முன்பக்கமாகக் கீழே மடக்கினால் ஸ்பிரிங் இறுகும். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, அழுத்தப்பட்ட காற்று குண்டை வெளியேற்றும். இதுவரை மற்ற ஸ்பிரிங் துப்பாக்கிகளைப் போன்றதுதான். ஆனால் பிறர் குழலுக்குப் பின்னாலோ கீழாகவோ வைக்கும் பிஸ்டனையும் ஸ்பிரிங்கையும் வால்தரின் வடிவமைப்பாளர்கள் கைப்பிடிக்குள்ளேயே செங்குத்தாகப் பொருத்திவிட்டார்கள். அதனால்தான் வெளித்தோற்றத்தில் பருமனான உருளை எதுவும் தெரியாமல், அந்நிறுவனமே போருக்கு முன் செய்த ஒலிம்பியா என்னும் குறிசுடும் கைத்துப்பாக்கியின் சாயலில், மெலிந்த நீண்ட குழலோடு இது நிற்கிறது. கையில் எடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கிறது. அந்தக் கனத்தில் பெரும்பகுதி உள்ளங்கைக்குள்ளேயே அமைந்துவிடுவதால், குழல் நீளமாக இருந்தும் முன்பக்கம் தாழ்வதில்லை.

ஸ்பிரிங்கை இறுக்குவது எளிதன்று. குழலின் முனையை வெறுங்கையால் அழுத்தினால் உள்ளங்கை சிவந்துவிடும். இதை அறிந்தே நிறுவனம் குழல் முனையில் பொருத்திப் பிடித்துக்கொள்வதற்கு ஒரு சிறு மரக் குமிழையும் உடன் கொடுத்தது. பழைய துப்பாக்கிகளோடு அந்தக் குமிழ் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மேசை இழுப்பறையில் கிடந்து, என்னவென்று தெரியாமலே யாராவது தூக்கி எறிந்திருப்பார்கள்.

இந்தத் துப்பாக்கி ஏன் அந்தக் காலத்தில் தோன்றியது என்பதை அறிந்தால் வயதைக் கணிப்பது எளிதாகும். வால்தர் நிறுவனத்தின் பழைய தொழிற்சாலை துரிங்கியா மாநிலத்தின் செல்லா-மேலிஸ் ஊரில் இருந்தது. 1945-இல் அப்பகுதி சோவியத் ஆட்சியின் கீழ் சென்றதால் தொழிற்சாலை கைவிட்டுப் போக, அதை நடத்திவந்த ஃபிரிட்ஸ் வால்தர் மேற்கு ஜெர்மனியில் நிறுவனத்தைப் புதிதாகக் கட்டியெழுப்பினார். வெடிமருந்துத் துப்பாக்கி செய்ய வழியில்லாத அந்த ஆண்டுகளில் கணக்கிடும் இயந்திரங்களும் காற்றுத் துப்பாக்கிகளுமே நிறுவனத்தைத் தாங்கின. ஆகவே எல்பி 53-இன் மீது செல்லா-மேலிஸ் என்ற ஊர்ப்பெயர் இருக்கவே முடியாது. 'போர்க்காலத்து வால்தர் காற்றுத் துப்பாக்கி' என்று சொல்லி யாராவது இதைக் காட்டினால், ஊர்ப்பெயரைப் பார்த்த உடனே பேரத்தைக் கைவிட்டுவிடலாம்.

வயதைக் கணிக்கும்போது பலரும் உடலில் பொறித்த வரிசை எண்ணில்தான் தொடங்குகிறார்கள். அது முன்பின் வரிசையைக் காட்டும். ஆனால் எண்ணை ஆண்டோடு இணைத்துச் சொல்லும்போது சேகரிப்பாளர்கள் தங்கள் ஊகத்தையும் கலந்துவிடுகிறார்கள். என் கண் முதலில் போவது மேற்பூச்சின் மீதுதான். தொடக்ககாலத் துப்பாக்கிகள் வழவழப்பாக மெருகேற்றப்பட்டு, கருநீல நிறத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும். பிற்காலத்தவற்றில் செலவைக் குறைக்கவோ என்னவோ, விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும் சுருக்கம் விழுந்த கறுப்புப் பூச்சு வந்துவிட்டது. கைப்பிடித் தகடுகளும் அப்படித்தான்: முதலில் பழுப்பு, பிறகு கறுப்பு.

நான் வாங்கியதில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டன. கைப்பிடித் தகடுகள் அழகான பழுப்பு நிறம். உடலிலோ சுருக்கப் பூச்சு. கடையில் மஞ்சள் விளக்கின் கீழ் பார்த்தபோது எனக்கு இது உறைக்கவில்லை. வீட்டில் பகல் வெளிச்சத்தில் பார்த்தால், தகடுகளை இறுக்கும் திருகாணியின் வெட்டு சிதைந்திருந்தது. பொருந்தாத திருப்புளியால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தபோது, ஐங்கோணத்துக்குள் ரோமன் எழுத்து 'எஃப்' பொறித்த சிறு முத்திரை வெளிப்பட்டது. 1955 என்ற கதை அங்கே முடிந்தது.

அந்த முத்திரையைச் சற்று விளக்க வேண்டும். குண்டின் ஆற்றல் 7.5 ஜூல் (ஆற்றலின் அலகு) என்ற அளவைத் தாண்டாத காற்றுத் துப்பாக்கி என்பதைக் காட்ட ஜெர்மன் சட்டம் ஏற்படுத்திய குறி அது. 1970 ஜனவரி 1-க்கு முன் விற்பனைக்கு வந்தவற்றுக்கு அந்தக் குறி தேவையில்லை என்று சட்டமே விலக்களிக்கிறது. எனவே ஐங்கோண முத்திரை உள்ள எல்பி 53-ஐ 1950-களின் பொருள் என்று சொல்ல இடமில்லை. ஆனால் இதைத் தலைகீழாகத் திருப்பி, முத்திரை இல்லாவிட்டால் 1970-க்கு முந்தையதுதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தக் குறி ஜெர்மன் சந்தைக்கானது, பிற நாடுகளுக்குச் சென்றவற்றில் அது இருந்தாக வேண்டிய கட்டாயமில்லை.

உடன் வரும் காகிதங்களும் பேசும். மேற்கு ஜெர்மனியில் நான்கு இலக்க அஞ்சல் எண்கள் 1961-இல் வந்தன. 1993-இல் ஐந்து இலக்கமாயின. பயன்பாட்டுக் குறிப்பேட்டில் நிறுவனத்தின் முகவரியோடு நான்கு இலக்க எண் அச்சாகியிருந்தால், அந்தத் தாள் 1950-களில் அச்சானதன்று. ஆயினும் தாள் வேறு, துப்பாக்கி வேறு. பெட்டியையும் தாளையும் எங்கிருந்தோ தேடிச் சேர்த்து 'முழுத் தொகுதி' என்று விற்பவர்கள் உண்டு. அதனால் தாளின் சாட்சியத்தை உலோகத்தின் சாட்சியத்துக்கு அடுத்தபடியாகத்தான் வைப்பேன்.

இனி விலை. எல்பி 53 என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு துப்பாக்கியின் கதை. 1963-இல் வெளியான இரண்டாவது ஜேம்ஸ் பாண்டு படத்தின் விளம்பரத்துக்காக ஷான் கானரியைப் புகைப்படம் எடுக்கும் வேளையில், பாண்டின் அடையாளமான வால்தர் பிபிகே கைத்துப்பாக்கியைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். புகைப்படக் கலைஞர் டேவிட் ஹர்ன் தம்மிடம் இருந்த எல்பி 53-ஐ எடுத்துக் கொடுத்தார். காற்றின் அழுத்தத்தால் சுடும் துப்பாக்கியைக் கன்னத்தருகே சாய்த்துப் பிடித்துக்கொண்டு உலகின் ஆபத்தான உளவாளி நின்ற அந்தப் படம் எங்கும் பரவியது; சுவரொட்டியில் தெரியும் அந்த நீண்ட குழல் பிபிகேயுடையதன்று. அதே துப்பாக்கி 2010 நவம்பரில் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,77,250 பவுண்டுக்குப் போனது.

இந்தத் தொகையைச் சொல்லித்தான் சாதாரண எல்பி 53-களுக்கும் விலை ஏற்றப்படுகிறது. அந்தப் பணம் ஹர்னின் கையில் இருந்த அந்த ஒரு துப்பாக்கிக்கும், கானரியின் புகழுக்கும் கொடுக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கில் தயாராகி வீட்டுக் கொல்லைகளிலும் சுடுபயிற்சிக் கூடங்களிலும் உழைத்த மற்றவை சில நூறு யூரோவுக்குள் கைமாறுகின்றன. அந்தச் சில நூறுக்குள் எங்கே நிற்கும் என்பதை வயது மட்டும் முடிவு செய்வதில்லை. முதற்காலப் பளபளப்பு கலையாமல், குறிபார்க்க மாற்றிப் பொருத்தும் குறிமுள்களும் மரக் குமிழும் பெட்டியும் ஒருசேர இருக்கும் துப்பாக்கிக்கு, அதே ஆண்டில் பிறந்து அவற்றை இழந்த துப்பாக்கியைவிடக் கணிசமாகக் கூடுதல் விலை கிடைக்கும்.

விலையை மிகவும் குறைப்பது மறுமெருகு. துருவைத் தேய்த்து, உடலை மீண்டும் சாணை பிடித்துப் புதிதுபோல் ஆக்கிவிட்டால் எழுத்துகளின் விளிம்புகள் மழுங்கிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் அழகு, அருகில் பார்த்தால் வெண்ணெயில் எழுதியது போல. வால்தர் பெயரைச் சுற்றி வளையும் கொடி வடிவச் சின்னத்தின் மெல்லிய கோடுகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பார்ப்பதே இதற்கு நல்ல சோதனை. உண்மையான தேய்மானம் கை படும் இடங்களிலும் குழல் முனையிலும் தெரியும். பள்ளங்களுக்குள்ளும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது இயந்திரத்தின் வேலை.

சுட்டுப் பார்க்க விரும்புவோர், குண்டு வைக்காமல் விசையை இழுத்துப் பார்க்கும் கடைக்காரரை உடனே தடுத்துவிடுங்கள். எதிர்ப்பில்லாமல் பாயும் பிஸ்டன் தான் ஓடும் உருளையின் முனையில் மோதிச் சேதமாகும். என் துப்பாக்கி பத்து மீட்டரில் மூன்று குண்டுகளை ஒரு நாணயத்தின் பரப்புக்குள் வைக்கிறது, நான் ஒழுங்காகப் பிடித்தால். விசை சற்று இழுபறியாக இருக்கிறது. இன்றைய போட்டித் துப்பாக்கிகளோடு ஒப்பிடுவது இதற்கு நியாயமாகாது.

முத்திரையைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் திரும்பிப் போனேன். அவர் நெடுநேரம் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தார். 1955 என்ற சீட்டை அவரே கிழித்தார். பழுப்புத் தகடுகளை அப்படியே வைத்திருக்கிறேன், உரிய கறுப்புத் தகடுகள் கிடைக்கும் வரை. மரக் குமிழை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.