டர்பனில் இரத்தம் கொடுத்த அனுபவம்: தென்னாப்பிரிக்க தேசிய இரத்தச் சேவை

15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு எச்.ஐ.வி தொற்று உள்ள நாட்டில், ஊசி வழியே ஏறும் இரத்தத்தை நம்பலாமா என்ற கேள்வி டர்பனுக்குக் குடிவந்த நாளிலிருந்தே எனக்கு இருந்தது. விடை தேடும் சாக்கில்தான் தேசிய இரத்தச் சேவையின் கொடை மையத்துக்குச் சென்றேன்.

இரத்தம் எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் நடந்தவைதான் நேரத்தைப் பிடித்தன. நீண்ட வினாப்படிவம், இரத்த அழுத்தம், விரல்நுனியில் ஒரு குத்து, பிறகு தனியறையில் செவிலியரின் நேர்முக விசாரணை. அண்மையில் புதிய துணை உண்டா என்று முகம் பார்த்துக் கேட்டார். திருமணமாகி இருபது ஆண்டுகள் ஆன எனக்கே கூச்சமாக இருந்தது. எச்.ஐ.வி இருக்கிறதா என்று இலவசமாகத் தெரிந்துகொள்வதற்காக யாரும் இங்கே இரத்தம் கொடுக்க வரக்கூடாது என்பதையும் அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் பழைய சோதனை, தொற்று ஏறிச் சுமார் மூன்று வாரம் கழித்தே அதைக் காட்டும். வைரஸின் மரபுப்பொருளையே தேடும் நாட் சோதனை அந்த இடைவெளியைப் பெருமளவு சுருக்குகிறதே தவிர, அடியோடு அகற்றுவதில்லை. பல நாடுகள் செலவைக் குறைக்கப் பலருடைய மாதிரிகளைக் கலந்து நாட் சோதனை செய்ய, இந்தச் சேவை 2005 அக்டோபர் முதல் ஒவ்வொரு கொடையையும் தனித்தனியாகச் சோதிக்கிறது.

இதற்கு முந்தைய கதை அவ்வளவு பெருமைக்குரியதல்ல. தொற்று அபாயத்தைக் கணக்கிட, கொடுப்பவரின் இனத்தையும் ஓர் அளவுகோலாக வைத்துக் கறுப்பினத்தவரின் இரத்தத்தைப் பயன்படுத்தாமல் ஒதுக்கியது 2004 இறுதியில் அம்பலமாகிப் பெரும் சர்ச்சையானது. நிறவெறி ஆட்சி முடிந்து பத்தாண்டு ஆன பின்னும் அப்படி நடந்ததை எண்ணினால், நாட் சோதனைக்காகும் பணம் எனக்கு வீண்செலவாகத் தெரியவில்லை.

480 மில்லி கொடுத்து முடித்ததும் பழச்சாறும் பிஸ்கட்டும் தந்தார்கள். பணம் எதுவும் கிடையாது, இருக்கவும் கூடாது. காசுக்காக வருபவர் உண்மையை மறைக்கத் துணிவார். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். புறப்படும்போது செவிலியர் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, அதிலிருந்த தொலைபேசி எண்ணைச் சுட்டிக்காட்டினார்: "உள்ளே சொல்லத் தயங்கியது ஏதாவது இருந்தால், வீட்டுக்குப் போன பிறகாவது கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். உங்கள் இரத்தப் பையை யாருக்கும் ஏற்றாமல் ஒதுக்கிவிடுவோம்."