நாக்கு மீனுக்கு 89 வெள்ளி (ரிங்கிட்) தூண்டில் செட் போதுமா?

போதும். கரையிலிருந்து நாக்கு மீன் பிடிக்கப் புதிதாகப் பழகுகிறவருக்கு இதற்கு மேல் செலவு செய்ய வேண்டியதில்லை. கோல் நன்றாக இருக்கிறது, ரீல் பரவாயில்லை ரகம், கூடவே வரும் தங்கூசியும் (தூண்டில் நூல்) முள்ளும் குப்பை. கம்பெனிப் பெயரைச் சொல்லிப் பயனில்லை. பினாங்கில் எந்தத் தூண்டில் கடைக்குள் நுழைந்தாலும் இதே சாமான் பிளாஸ்டிக் உறையில் தொங்குகிறது, கடைக்குக் கடை லேபிள்தான் மாறுகிறது. இரண்டு துண்டாக வரும் ஏழு அடி ஃபைபர் கிளாஸ் கோல், 3000 அளவு ரீல், அதில் ஏற்கெனவே சுற்றிய தங்கூசி, ஒரு சின்ன டப்பாவில் முள், ஈயம், ஸ்விவல் (தங்கூசி முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் சின்ன இணைப்பு). நான் கொடுத்தது 89 வெள்ளி.

உறையின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது தூரம். இந்தக் கோலால் நூறு மீட்டர் வீசலாமாம். வீச முடியாது, அதை விடுங்கள், வீச வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் விஷயம். நாக்கு மீன் மணலும் சேறும் கலந்த தரையில் உடம்பைப் புதைத்துக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே நீட்டிக் கிடக்கிற மீன். குஞ்சாக இருக்கும்போது எல்லா மீனையும் போலப் பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்துதான் நீந்தும், வளர வளர ஒரு கண் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடும், அப்புறம் ஆயுசு முழுக்க ஒருக்களித்த படுக்கைதான். தண்ணீர் ஏறும்போது புழுவையும் குட்டி இறாலையும் தேடிக் கரையோரப் பள்ளங்களுக்கே வந்துவிடும். பினாங்குத் தீவின் தென்கரையில் உள்ள தெலுக் கும்பாரில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஓர் அண்ணன், நான் முழு பலத்தோடு வீசுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, மீனு உன் காலடியில படுத்திருக்கு, நீ ஏன்பா கெடா மாநிலத்துக்கு வீசுற?" என்றார். இருபது, முப்பது மீட்டர் போதும். அந்தத் தூரத்துக்கு இந்தக் கோல் கையை வலிக்காமல் வீசுகிறது, ஒன்றரை அவுன்ஸ் ஈயத்தைத் தாராளமாகத் தாங்குகிறது.

கோலில் எனக்குப் பிடித்தது அதன் நுனி. நாக்கு மீனின் வாய் சின்னது, கீழ்ப்பக்கமாக வளைந்தது. கெளுத்தி மாதிரி இழுத்துக்கொண்டு ஓடாது. முதலில் நுனி லேசாக இரண்டு தட்டுத் தட்டும், பிறகு ஒன்றுமே இருக்காது, நண்டுதான் கொறிக்கிறது என்று நீங்கள் முடிவு கட்டும் நேரத்தில் நுனி மெதுவாகச் சாய ஆரம்பிக்கும். முதல் தட்டிலேயே வெடுக்கென்று இழுத்தால் முள் வெறுமனே வரும். நுனி விறைப்பான கோலாக இருந்தால் மீன் அந்த விறைப்பை உணர்ந்து இரையைத் துப்பிவிடும். இதன் நுனி வளைந்து கொடுப்பதால் மீன் நிதானமாக விழுங்குகிறது. முந்நூறு வெள்ளி கார்பன் கோல்களில்கூட இந்த வேலைக்கு ஒத்துவராதவை இருக்கின்றன. கனம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் காரின் பின்னால் போட்டு மேலே சாமான் அடுக்கினாலும் தாங்கும். இன்னொன்று, கார்பன் நன்றாக மின்சாரம் கடத்தும். ஃபைபர் கிளாஸ் அப்படி இல்லை என்றாலும் அதை நம்பி நிற்காதீர்கள், நம் ஊர் மாலை மழையில் இடிச் சத்தம் கேட்டதும் எந்தக் கோலாக இருந்தாலும் கீழே போட்டுவிட்டு காருக்குள் போய்விடுங்கள்.

ரீலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரேக் கொஞ்சம் விட்டுவிட்டுப் பிடிக்கிறது, இந்த மீனுக்கு அது தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரை லேசாகத் தெளித்துத் துடையுங்கள், பைப்பைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும்.

தங்கூசிக்கு வருவோம். கடையில் எத்தனை காலம் தொங்கியதோ, ரீலிலிருந்து இறங்கும்போது பழைய டெலிபோன் ஒயர் மாதிரி சுருள் சுருளாக வருகிறது. வீசினால் கோலின் முதல் வளையத்திலேயே சிக்கு. அதுவும் இருபது பவுண்டு தாங்கும் தடித்த ரகம், தண்ணீரின் இழுப்பு முழுவதையும் வாங்கிக்கொண்டு ஈயத்தை இடம் மாற்றிவிடுகிறது. வாங்குகிற அன்றைக்கே கடையிலேயே உருவிப் போட்டுவிட்டு, பத்து அல்லது பன்னிரண்டு பவுண்டு தங்கூசி சுற்றித் தரச் சொல்லுங்கள். டப்பாவில் உள்ள முள்ளும் அப்படித்தான், எல்லாம் 1/0, 2/0 என்று பெரிய வாய் மீனுக்கானவை. நாக்கு மீனுக்கு எட்டாம் நம்பர், மிஞ்சிப்போனால் ஆறு. பின்னால் /0 இல்லாத சாதாரண நம்பரில் நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும், கடையில் குழம்ப வேண்டாம். டப்பாவில் உருப்படியாக இருப்பவை ஈயமும் ஸ்விவலும்தான்.

கட்டுவது சுலபம். ஓட்டை உள்ள ஈயத்தைத் தங்கூசியில் கோர்த்து ஓட விடுங்கள், கீழே ஒரு ஸ்விவல், அதிலிருந்து ஒரு முழம் மெல்லிய தங்கூசி, நுனியில் முள். இரை என்றால் உம்புன் என்கிற கடற்புழுதான், தூண்டில் கடைகளில் கிடைக்கும், தலைப்பக்கம் பிடித்தால் கடிக்கும். கிடைக்காவிட்டால் பாசார் (சந்தை) இறாலைத் தோலுரித்து, மெல்லிசாக நீளவாக்கில் கீறிக் கோர்க்கலாம். வீசிவிட்டுச் சும்மா உட்காராதீர்கள். அவ்வப்போது ரீலை அரைச் சுற்று சுற்றி நிறுத்துங்கள். ஈயம் தரையில் உரசி மணலைக் கிளப்பும், அந்தக் கலக்கலுக்கு மீன் நகர்ந்து வரும்.

நமக்கு ஒரு நாளைக்குப் பொதுவாக இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நன்றாக வற்றியிருக்கும்போது போய், எங்கெங்கே பள்ளம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, தண்ணீர் ஏறத் தொடங்கியதும் அங்கே போடுங்கள். பட்டர்வொர்த் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இரண்டாவது பாலம் பத்து மாவுங்கில் இறக்கிவிடும், அங்கிருந்து தெலுக் கும்பார் பக்கம்தான். பத்து ஃபிரிங்கி பாறைகளுக்கு இந்தச் செட்டைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே தேடுகிற மீன் வேறு, தேவைப்படுகிற கோலும் வேறு.

இதே தரையில் செம்பிலாங் என்கிற கடல் கெளுத்தியும் கடிக்கும். முதுகில் ஒன்று, செவுள் பக்கம் இரண்டு, மூன்றுமே விஷ முள். புதுக் கைகள் அதை வெறும் கையால் தொடவே வேண்டாம், தங்கூசியை அறுத்துவிடுங்கள், ஒரு தூண்டில் முள்தானே போகும். குத்திவிட்டால் தோல் வெந்துபோகாத அளவு சூடான தண்ணீரில் கையை முக்கிவைத்துக்கொண்டு கிளினிக் பாருங்கள், சூட்டில் அந்த விஷத்தின் வீரியம் குறையும். பேத்தை (உடம்பை உப்பிக்கொள்ளும் விஷ மீன்) வந்தால் திரும்பக் கடலுக்குத்தான், சமைக்கிற யோசனையே வேண்டாம்.

ஆக, செட்டுக்கு 89 வெள்ளி, அதோடு தங்கூசிக்கும் முள்ளுக்கும் தனியாகக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கடையில் காசு கொடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கோலில் உள்ள ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றுங்கள். பஞ்சு எங்காவது இழைந்து மாட்டினால் அந்த வளையத்தில் கீறல் இருக்கிறது, புதுத் தங்கூசியை ஒரே நாளில் அறுத்துவிடும். நான் பார்த்த அன்று முதலில் எடுத்த கோலில் நுனி வளையத்தில் பஞ்சு மாட்டியது, அடுத்ததைக் கேட்டேன், கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் மாற்றிக் கொடுத்தார்.