நாகபந்தப் பலகை எழுத மண்டபம் படகுப் பெயின்டர்: கொடுக்கலாமா?

பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடம்பில் கட்டம் கட்டமாக வெண்பாவை எழுதும் சித்திரகவிதான் நாகபந்தம். அதைப் பலகையில் எழுத இந்தப் படகுப் பெயின்டரிடம் கொடுக்கலாம். ஆனால் வெறுங்கையோடு போகக் கூடாது. முழு அளவில் வரைந்த மாதிரித் தாள் கையில் இருந்தால்தான் வேலை உருப்படும்.

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், வடக்குக் கடற்கரைப் பக்கம் தகரக் கொட்டகையில் நடக்கும் பட்டறை. ஊர்ப் படகுக்கெல்லாம் பெயர் எழுதுகிறவர் தன் கடைக்கு ஒரு போர்டு எழுதிக்கொள்ளவில்லை. விசாரித்துத்தான் போக வேண்டும்.

எழுத்தையே படமாக்குவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. பாம்பன் குமரகுருதாச சுவாமிகள் சித்திரகவி பாடியவர். கடல் கடந்தும் இது உண்டு: ஸ்காட்லாந்துக் கவிஞர் இயன் ஹாமில்டன் ஃபின்லே 1960களில் மீன்பிடிப் படகுகளின் பதிவெண்களை வட்ட வட்டமாக அடுக்கியே ஒரு கவிதை செய்தார். தினமும் பதிவெண் எழுதிப் பழகிய கை இதற்குத் தோதாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இரட்டை நாகபந்தத்தில் இரண்டு பாம்பு, பாம்புக்கு ஒரு வெண்பா. பாம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்கள்தான் சந்திகள்: மேல்சுற்றில் நான்கு, கீழ்ச்சுற்றில் நான்கு, நடுவில் ஒன்று என ஒன்பது. அங்கே நிற்கும் எழுத்து இரண்டு வெண்பாவுக்கும் பொது. ஃபிளெக்ஸ் கடைகள் சறுக்குவது இங்கேதான். பழைய ஃபான்ட்டில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு. வளைகோட்டில் ஏற்றினால் ஆளுக்கொரு கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெயின்டருக்கு அது ஒரே எழுத்து. ஒரே கட்டத்துக்குள் ஒடுக்கி எழுதிவிடுகிறார். பாம்பின் உடம்பில் எழுத்துகள் வளைவுக்கேற்பச் சாய்கின்றன, சந்தி எழுத்து மட்டும் நேராக நிற்கிறது. எந்தப் பாம்பின் வழியே வந்தாலும் தடங்கலில்லாமல் படிக்க முடிவது அதனால்தான். சொல்லிக்கொடுத்து வருவதில்லை இது.

குறை புள்ளியில். படகுப் பெயருக்கு வைப்பதுபோல் கடுகளவு வைக்கிறார். பத்தடி தள்ளி நின்றால் 'ப்' என்பது 'ப' ஆகி, வெண்பாவின் தளை தட்டுகிறது. ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசமே தெரியாது. மாதிரித் தாளில் புள்ளிகளையும் ரகரத்தின் கீழ்ச் சாய்கோட்டையும் சிவப்பு மையில் குறித்துக் கொடுப்பது கட்டாயம். மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

4க்கு 3 அடிப் பலகை, 2 அங்குலக் கட்டம், ஒன்றரை அங்குல எழுத்து என்று வைத்துக்கொண்டால் இரண்டு வெண்பாவும் அடங்கும். தாளில் எழுத்தின் விளிம்பு நெடுக ஊசியால் குத்தி, பலகைமேல் ஒட்டி, துணியில் முடிந்த கரித்தூளால் தட்டுகிறார். தாளை எடுத்தால் புள்ளிக்கோடு பதிந்திருக்கும். அதன்மேல் தட்டை பிரஷ்ஷில் எனாமல், இரண்டு கோட்.

12 மி.மீ. மரைன் பிளைவுட் நல்லது. அறுத்த ஓரங்களுக்கும் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஈரம் குடித்து உப்பிவிடும். காசு மிச்சம் என்று பைபர் (கண்ணாடியிழை) துண்டு வாங்கினால், அச்சிலிருந்து வரும்போதே ஒட்டியிருக்கும் மெழுகை முதலில் கரைப்பான் தொட்ட துணியால் துடைத்தெடுத்து, அதன் பிறகே உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். அதை விட்டால் பெயின்ட் தோல் தோலாக உரியும். எந்தப் பலகையானாலும் பிரைமருக்கு முன் நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைக்க வேண்டும். உப்பு அடியில் தங்கினால் கொப்புளம் கிளம்பும். இதையெல்லாம் பெயின்டர் தானாகவே செய்கிறார், கேட்க வேண்டியதில்லை. ஆனால் கொட்டகைக்குப் பக்கத் தடுப்பு இல்லை. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் ஈர எனாமலில் மணல் ஒட்டுகிறது, கையால் தடவினால் தெரியும். கச்சான் மாதங்களில் கொடுத்தால் தார்ப்பாய் கட்டச் சொல்லிவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறிப் பெயின்ட்டுக்கு நிற்கும் 61 நாளில் பலகை வேலையை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, அதற்கு முன்போ பின்போ போங்கள்.

கூலி எழுத்துக் கணக்கு. சந்தி எழுத்து இரண்டு பாட்டிலும் வந்தாலும் ஒரே எழுத்தாகத்தான் எண்ணுகிறார், ஒன்பது எழுத்து நமக்கு லாபம்! திருத்தத்துக்குத் தனிக்காசு கேட்பதில்லை, ஆனால் இரண்டாம் கோட் ஏறிவிட்டால் திருத்திய இடம் திட்டாகத் தெரியும். முதல் கோட் காய்ந்ததும் நேரில் போய், இரண்டு வெண்பாவையும் பலகையில் விரல் வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே மேற்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.