இலவச எலும்பு முகாமுக்குப் பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கவனத்திற்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

நாங்கள் இருப்பது பாளையங்கோட்டை. அம்மாவுக்கு 73 வயது. போன ஐப்பசி மழையில் முற்றத்தில் வழுக்கி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் பக்கத்து வீட்டு அத்தை இடுப்பெலும்பு உடைந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்ததைப் பார்த்தவர் என்பதால் பயம் பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் 'இலவச எலும்பு அடர்த்திப் பரிசோதனை முகாம்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பையன், அம்மாவின் குதிகாலில் ஜெல் தடவி ஒரு சின்னப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பஸ் டிக்கெட் மாதிரி ஒரு சீட்டு வெளியே வந்தது. அதில் இருந்த −2.8 என்ற எண்ணைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, "ஆச்சி, எலும்பு பஞ்சு மாதிரி இருக்கு. இன்னொரு தடவை விழுந்தா எழுந்திரிக்க முடியாது" என்றான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

உள்ளறையில் ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தார். விட்டமின் டி ஊசி 6 லட்சம் யூனிட், அங்கேயே போட்டார்கள். வாரம் ஒன்று வீதம் பாலில் கலந்து குடிக்க 60,000 யூனிட் பாக்கெட்டுகள், ஆறு மாதத்துக்கு. காலையும் இரவும் கால்சியம் மாத்திரை. மொத்தம் 9,600 ரூபாய். "இதை முடிச்சா நீங்க விழவே மாட்டீங்க ஆச்சி" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை கிடையாது. ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான்.

தை பிறந்ததிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மலச்சிக்கல். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார், ராத்திரி நாலைந்து முறை எழுந்தார். பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து உட்கார்ந்திருந்தார். வயசாகுது என்று நினைத்துக்கொண்டோம். மாசியில் பத்து நாளுக்குள் இரண்டு முறை விழுந்தார். இரண்டாவது முறை, விடியற்காலை மூன்று மணிக்குப் பாத்ரூம் வாசலில். நெற்றியில் மூன்று தையல்.

முகாம்காரர்கள் கொடுத்த நம்பருக்கு அழைத்துச் சொன்னேன். "மருந்து இன்னும் முழுசா பிடிக்கலை. வாரம் ரெண்டு பாக்கெட்டா குடுங்க" என்றார்கள். கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

தையல் பிரிக்கப் போனபோது பார்த்த பொது மருத்துவர்தான் வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுவரச் சொன்னார். மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார்: 136. எழுந்து நிற்கச் சொல்லி உடனே மறுபடி பார்த்தார்: 104. நிற்கும்போதே அம்மா கட்டில் கம்பியைத் தேடினார். ரத்தத்தில் கால்சியம் 12.3. சாதாரணமாக எட்டரையிலிருந்து பத்தரைக்குள் இருக்க வேண்டியது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். விட்டமின் டி கொழுப்பில் கரைவது. அதிகமானால் சிறுநீரில் போய்விடாது, உடம்பிலேயே தங்கும். சாப்பாட்டிலிருந்து கால்சியத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அம்மாவின் பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. அது கால்சியத்தைச் சிறுநீரில் வெளியேறவிடாமல் பிடித்துவைக்கும். இரண்டும் சேர்ந்து கால்சியம் ஏறிவிட்டது. கால்சியம் ஏறினால் சிறுநீர் அதிகம் பிரியும், உடம்பு வறளும், எழுந்து நின்றால் பிரஷர் சட்டென்று இறங்கும். விழாமல் இருப்பதற்கென்று வாங்கியதே அம்மாவைத் தள்ளிவிட்டிருக்கிறது.

மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பாக்கெட், கால்சியம் எல்லாம் நிறுத்தம், பிரஷர் மாத்திரையும் மாற்றம். பிறகு எலும்பு அடர்த்தியை எக்ஸ்ரே மூலம் அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். இடுப்பில் −1.6. எலும்பு கொஞ்சம் மெலிந்திருக்கிறது, ஆனால் எலும்பு எளிதில் முறியும் ஆஸ்டியோபோரோசிஸ் நோய் இல்லை. −2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ் என்ற கணக்கே இடுப்பிலும் முதுகிலும் எடுக்கும் டெக்ஸாவுக்கு உரியது. குதிகால் பெட்டி காட்டும் எண்ணை வைத்து அந்த நோய் என்று முடிவு கட்டக்கூடாதாம்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய 2,256 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு வருடம் ஒருமுறை 5 லட்சம் யூனிட் விட்டமின் டி, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. விட்டமின் எடுத்தவர்கள்தான் 15 சதவீதம் அதிகமாக விழுந்தார்கள், எலும்பு முறிவும் 26 சதவீதம் அதிகம். இது வெளிவந்தது 2010இல். 2016இல் சூரிச்சில் செய்த ஆய்விலும், மாதம் 60,000 யூனிட் எடுத்தவர்கள் 24,000 எடுத்தவர்களைவிட அதிகமாக விழுந்தார்கள். அமெரிக்காவில் கிட்டத்தட்ட 26,000 பேருக்குச் செய்த வைட்டல் ஆய்வில் தினம் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். விழுவதும் குறையவில்லை, முறிவும் குறையவில்லை. குறைபாடோ ஆஸ்டியோபோரோசிஸோ இல்லாமல் வீட்டில் வாழும் 65 வயதைக் கடந்தவர்களுக்கு, விழாமல் தடுக்கவென்று விட்டமின் டி தர வேண்டாம் என்று அந்நாட்டு நோய்த்தடுப்புக் குழு 2018இலேயே சொல்லிவிட்டது. உடற்பயிற்சியைத்தான் பரிந்துரைத்தது. இவ்வளவும் தெரிந்தபின்னும் மண்டபம் மண்டபமாக 6 லட்சம் யூனிட்டை ஏற்றுகிறார்கள் என்றால் எனக்கு அதைப் பொறுக்க முடியவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கால்சியமும் விட்டமின் டியும் விஷமல்ல. ரத்தத்தில் குறைபாடு தெரிந்து டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தாலோ, ஆஸ்டியோபோரோசிஸுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ, இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இதையும் முகாமில் யாரும் சொல்வதில்லை.

அம்மா இப்போது பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி காலையும் மாலையும் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருகிறார். சமையல் மேடையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கப் பழகுகிறார். பாத்ரூமில் கைப்பிடி, வழியில் இரவு விளக்கு. படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் நடக்கிறார். சித்திரைக்குப் பிறகு விழவில்லை.

முகாமில் தந்த ரசீதில் டாக்டரின் பதிவு எண் இல்லை, மருந்தின் பேட்ச் எண் இல்லை. அதோடுதான் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் காலி பாக்கெட்டுகளைத் தூக்கிப் போடாமல் எடுத்துவைத்து நீங்களும் கொடுங்கள். போன வாரம் மார்க்கெட் பக்கம் அதே பேனரைப் பார்த்தேன், வேறு மண்டபத்தின் பெயரோடு. வரும் ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணி முதல்.