தரையைத் துடைத்தது யார்? இரண்டு திகில் நாவல்களும் என் தேர்வும்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஐந்து பெண்கள். மாதம் ஒரு புத்தகம், முறை வைத்துத் தேர்ந்தெடுப்போம். போன மாதம் என் முறை. "திகில் கதை வேணும்க்கா, ஆனா பாழடைஞ்ச பங்களா, பௌர்ணமி ராத்திரி எல்லாம் வேண்டாம். நம்மளை மாதிரி சமைச்சு, துவைச்சு, பிள்ளை வளர்க்கிறவங்க கதையா இருக்கட்டும்" என்று கேட்டிருந்தார்கள்.

என் மனதில் இரண்டு அமெரிக்க நாவல்கள் இருந்தன. ஒன்று, 1972இல் வந்த ஐரா லெவினின் 'தி ஸ்டெப்ஃபோர்ட் வைவ்ஸ்'. இன்னொன்று, 2020இல் வந்த கிரேடி ஹென்ட்ரிக்ஸின் 'தி சதர்ன் புக் கிளப்ஸ் கைட் டு ஸ்லேயிங் வாம்பயர்ஸ்'. நான் எடுத்தது இரண்டாவதை. காரணம் சொல்ல வேண்டுமென்றால் இரண்டின் முடிவையும் தொட்டாக வேண்டும். முடிவு தெரியாமல் படிக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளிப்படையான வித்தியாசங்களை முதலில் முடித்துவிடுகிறேன். லெவினுடையது 150 பக்கத்துக்குள் அடங்கும் மெல்லிய புத்தகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஹென்ட்ரிக்ஸ் 400 பக்கத்தை ஒட்டி எழுதியிருக்கிறார். முதலாவதில் ரத்தம் கண்ணில் படுவதே அபூர்வம். இரண்டாவதில் எலிகள், கரப்பான்பூச்சி, கடி என்று வயிற்றைப் புரட்டும் பக்கங்கள் நிறைய. லெவின் கதை 1975இலும் 2004இலும் படமாகிவிட்டது. 'ஸ்டெப்ஃபோர்ட் மனைவி' என்பது, கணவனுக்கு அடங்கி வீடே கதி என்று கிடப்பவளைக் குறிக்கும் வழக்குச் சொல்லாகவே ஆங்கிலத்தில் ஆகிவிட்டதால், ரகசியம் தெரிந்துகொண்டுதான் பெரும்பாலும் புத்தகத்தைக் கையில் எடுக்கிறோம். நானும் அப்படித்தான் எடுத்தேன். 1972இல் எதுவும் தெரியாமல் திறந்தவர்களுக்கு அது தந்திருக்கும் பயத்தை நான் அனுபவிக்கவில்லை. அந்த வகையில் என் தீர்ப்பு லெவினுக்குக் கொஞ்சம் அநியாயமாக இருக்கலாம்.

ஸ்டெப்ஃபோர்ட் கதை இதுதான். ஜோனா புகைப்படம் எடுப்பவள். கணவன் வால்டர், இரண்டு பிள்ளைகளோடு நியூயார்க்கிலிருந்து கனெக்டிகட்டில் உள்ள ஸ்டெப்ஃபோர்டுக்குக் குடிவருகிறாள். பக்கத்து வீட்டுக்காரியைக் காபி குடிக்கக் கூப்பிட்டால், தரைக்கு மெழுகு போட வேண்டும், நேரமில்லை என்கிறாள். ஊர்ப் பெண்கள் எல்லாருமே அப்படி. ஆண்களுக்கு மட்டும் ஒரு சங்கம் இருக்கிறது. அதே ஊரில் முன்பு ஒரு பெண்கள் சங்கம் நடந்திருக்கிறது, அமெரிக்கப் பெண்ணியவாதி பெட்டி ஃப்ரீடனே வந்து பேசியிருக்கிறார் என்பது ஜோனாவுக்குப் பிறகுதான் தெரியவருகிறது. அவளுக்குக் கிடைக்கும் ஒரே உண்மையான தோழி பாபி. வாயாடி, வீடு எப்போதும் போட்டது போட்டபடி கிடக்கும். கணவனோடு தனியாக ஒரு வாரக்கடைசியைக் கழித்துவிட்டு வருகிற பாபியின் வீடு பளிச்சென்று இருக்கிறது.

அப்புறம் வருகிற ஒரு சின்ன இடம்தான் என்னை உலுக்கியது. பாபியின் மகனிடம் ஜோனா மெதுவாக விசாரிக்கிறாள். அம்மா இப்போதெல்லாம் கத்துவதில்லை, காலையில் சூடாகச் சாப்பாடு செய்து தருகிறாள் என்கிறான் பையன். இப்படியே இருந்தால் நல்லது என்பதுதான் அவன் கவலை. உண்மையான அம்மா செத்துவிட்டாள், வீட்டில் இருப்பது அவள் உருவில் ஓர் இயந்திரம், பிள்ளைக்கு அது சௌகரியமாக இருக்கிறது. இதைவிடக் குரூரமான இடம் இரண்டு புத்தகத்திலும் இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இதை எடுக்கவில்லை? தரையால்தான்.

லெவின் கதையில் துடைத்த தரை என்றால் ஒரு பெண் செத்துவிட்டாள் என்று அர்த்தம். வீட்டு வேலை அங்கே பிணத்தின் மேல் போர்த்திய துணி. ஆண்களுக்கு வேலை வேண்டும், செய்கிறவள் வேண்டாம். அதனால் இயந்திரம் செய்துகொள்கிறார்கள். கோபமான, கூர்மையான யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: வீட்டு வேலைக்கு மூளை வேண்டாம், ஒரு பொம்மைகூடச் செய்துவிடும் என்பது. என்னால் அதை ஏற்க முடியவில்லை.

என் மாமியார் இரண்டு வருஷம் படுக்கையில் இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். சிறுநீரின் வாடை மாறினால் அன்றைக்கே டாக்டருக்கு ஃபோன். எந்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர், எதற்கு வெந்நீர் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரத்தக் கறையில் வெந்நீர் ஊற்றினால் அப்படியே பிடித்துக்கொள்ளும். இதையெல்லாம் படிப்பு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் படிப்புதான்.

ஹென்ட்ரிக்ஸின் நாவல் இந்தப் படிப்பை நம்புகிறது. தென் கரோலினாவில் சார்ல்ஸ்டனை அடுத்த மவுண்ட் பிளசன்ட். 1988இல் தொடங்கி தொண்ணூறுகளில் நடக்கிறது. பட்ரிஷியா முன்னாள் நர்ஸ், இப்போது முழுநேர அம்மா. கணவன் மனநல மருத்துவர். நினைவு தப்பிய மாமியார் மிஸ் மேரி வீட்டோடு இருக்கிறார். வாசிப்பு வட்டத்தில் பேச வேண்டிய நாவலைப் படிக்க நேரமில்லாமலே போய் நின்று மாட்டிக்கொள்கிறாள் பட்ரிஷியா. பிறகு கிட்டி, ஸ்லிக், மேரியெல்லன், கிரேஸ் ஆகியோரோடு சேர்ந்து நிஜக் கொலை வழக்குப் புத்தகங்களாகப் படிக்கத் தொடங்குகிறார்கள். அந்தத் தெருவுக்கு ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற அழகான, தனிக்கட்டை ஆண் வருகிறான். அவன் ரத்தம் குடிக்கும் வாம்பயர். அழைக்காமல் அவனால் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. வந்தவரை வாங்க என்று கூப்பிடாமல் இருக்கப் பட்ரிஷியாவுக்குத் தெரியாது. அந்த மரியாதைதான் அவனுக்கு வாசல்.

தன் அம்மாவை டிராகுலாவோடு மோதவிட ஆசைப்பட்டதாக ஹென்ட்ரிக்ஸ் முன்னுரையில் எழுதியிருக்கிறார். பசியைத் தவிர எந்தப் பொறுப்பும் இல்லாத ஓர் ஆண் ஒரு பக்கம். பொறுப்பைத் தவிர வேறெதற்கும் நேரமில்லாத பெண்கள் மறுபக்கம்.

அவன் யார் என்பது முதலில் தெரிவது மிஸ் மேரிக்குத்தான். சின்ன வயதில் வேறொரு ஊரில், வேறொரு பெயரில் அவனைப் பார்த்திருக்கிறார். முகம் மாறவே இல்லை. ஆனால் புத்தி பேதலித்த கிழவியின் பேச்சை யார் காதில் வாங்குவார்கள்? பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டவர்களுக்குத்தான் அது பிதற்றல் இல்லை என்று புரியும். என் மாமியார் கடைசி மாதங்களில் சொன்ன பல பெயர்களை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த அத்தியாயங்களைப் படித்தபோது அந்தப் பெயர்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

முடிவில் அந்தப் பெண்கள் அவனைக் கொல்கிறார்கள். கொன்றால் மட்டும் போதுமா? வீடு முழுக்க ரத்தம். ஒரு தடயம் இல்லாமல் போக வேண்டும். ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அதுவரை இதில் சேரமாட்டேன் என்று ஒதுங்கியிருந்த கிரேஸ், வீட்டை அப்பழுக்கில்லாமல் வைத்திருப்பதற்கே பேர்போன கிரேஸ், அப்போது வந்து சேர்கிறாள், சுத்தம் செய்ய. ஸ்டெப்ஃபோர்டில் துடைத்த தரை தோழியின் சாவு. இங்கே தரையைத் துடைக்கத் தெரிந்ததால் தோழிகள் பிழைக்கிறார்கள். இந்த ஒன்றுக்காகத்தான் 400 பக்கத்தையும் தோழிகள் தலையில் கட்டினேன்.

நட்பு விஷயத்திலும் இதுவே எனக்கு உண்மையாகப் பட்டது. பாபி ஜோனாவைக் கைவிடவில்லை, அவளைப் பறித்துவிடுகிறார்கள். பட்ரிஷியாவின் தோழிகள் தாங்களாகவே பின்வாங்குகிறார்கள். போலீஸுக்குப் போக எல்லாரும் கூடிய நேரத்தில் கணவன்மார் வந்து நின்றதும் ஒவ்வொருத்தியாகக் குரல் தாழ்கிறது. மூன்று வருஷம் பட்ரிஷியா தனியாகக் கிடக்கிறாள். தோழி கைவிட்ட பிறகு திரும்பி வருவது எப்படி என்று காட்டும் திகில் கதையை நான் இதற்கு முன் படித்ததில்லை.

குறையும் உண்டு. முதலில் பலியாவது சிக்ஸ் மைல் என்ற கறுப்பினக் குடியிருப்பின் குழந்தைகள். அதைச் சொல்லி உதவி கேட்பவர், மிஸ் மேரியைப் பார்த்துக்கொள்ள வரும் மிஸஸ் கிரீன். வெள்ளைக்காரத் தெருவுக்கு அந்தச் சாவுகள் கேட்பதே இல்லை. அதை மிஸஸ் கிரீன் பட்ரிஷியாவின் முகத்துக்கு நேராகவே கேட்கிறார், ஆனால் கதை கடைசிவரை பட்ரிஷியாவின் மனதுக்குள்ளேயே இருந்துவிடுகிறது. தரை துடைப்பதைப் பற்றி இவ்வளவு பேசும் நாவல், அடுத்தவர் வீட்டுத் தரையைக் கூலிக்குத் துடைப்பவருக்கு இன்னும் இடம் தந்திருக்க வேண்டும். அமெரிக்கத் தென்மாநிலங்களை நான் புத்தகத்தில்தான் அறிந்திருக்கிறேன், அதனால் இதை ஒரு வாசகியின் மனக்குறையாக மட்டும் வைக்கிறேன். பெண்கள் மீதான வன்முறைக் காட்சிகளும் இருக்கின்றன. அவற்றைத் தாங்க முடியாதவர்கள் தயங்காமல் லெவினுக்குப் போகலாம்.

எங்கள் வட்டத்திலும் ஒருத்தி எலி அத்தியாயத்தோடு மூடி வைத்துவிட்டாள். அவளுக்கு ஸ்டெப்ஃபோர்டைக் கொடுத்தேன். ரெண்டாவது நாள் ராத்திரி ஃபோன் வந்தது. "அந்தப் பையன் சொல்றானேக்கா, அம்மா இப்பல்லாம் கத்துறதில்லைன்னு..." என்று ஆரம்பித்தவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இன்னிக்கு சாயங்காலம்தான் என் மகனை அப்படிக் கத்தினேன்" என்றாள்.